ஒரு கோழி எடைக்குப் பேன்

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கோழிமேல் ஆணை, கோழி ஏறிய லிஃப்ட்மேல் ஆணை, அந்த லிஃப்ட்டை இழுத்த கயிற்றின்மேல் ஆணை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இடைஞ்சல்.

லிஃப்டுக்காரர் என்றால் இந்த ஊரில் தெரியாத ஆள் கிடையாது. ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், ஜவுளிக்கடை லிஃப்ட்டின் கதவு யாருடைய முந்தானையையாவது கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றாலும், போன் அவர் வீட்டுக்குத்தான் வரும். எண்ணெய்க் குப்பியும் பழந்துணியுமாகக் கிளம்பிவிடுவார். எந்த இடத்துக்குக் கிரீஸ், எந்த இடத்துக்கு எண்ணெய், எந்த இடத்துக்கு ஒன்றுமே கூடாது என்பதெல்லாம் அவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்டுப் பார்த்தது அவருடைய மனைவி. அதற்கப்புறம் தூங்கவிடாமல் விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கோழிக்கூண்டு எப்படி இருக்கும்? லிஃப்ட்டோடுதான் இருக்கும்.

அதற்குக் காரணம் மேனேஜரம்மா. கூண்டில் இருந்த கோழிகளிலேயே பெரியவள், கனத்தவள். காலையில் கூண்டுக் கதவைத் திறந்ததும் மற்றவை தீனிக்கு ஓடும். இவள் மட்டும் முதலில் கொல்லைப்புறத்தை ஒரு சுற்று சுற்றி, தொட்டி இருந்த இடத்தில் இருக்கிறதா, வேலி நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். பெயர் அப்படி வந்ததுதான். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. சாயங்காலம் மற்ற கோழிகள் சிறகை ஒரு தட்டுத் தட்டி உயரத்தில் இருக்கும் கம்பில் போய் உட்கார்ந்துவிடும். மேனேஜரம்மாவுக்கு உடம்பு எழும்பாது. கீழே நின்றபடி மேலே பார்த்துக் கத்துவாள். யாராவது தூக்கிவிடும் வரைக்கும் கத்துவாள்.

லிஃப்டுக்காரர் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. ஆப்பிள் வந்த மரப்பெட்டி ஒன்று, மனைவி ஒதுக்கிப்போட்ட தையல் மிஷினின் மோட்டார், ஆஸ்பத்திரி லிஃப்ட்டிலிருந்து கழற்றிய பழைய கம்பிக் கயிறு. இவை போதாதா? பெட்டியின் பலகைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்தார். பலகைமேல் ஒரு கோழியின் எடை விழுந்தால் மோட்டார் ஓடும். பெட்டி கீழே இருந்தால் மேலே போகும், மேலே இருந்தால் கீழே வரும். குருவி உட்கார்ந்தாலோ காய்ந்த இலை விழுந்தாலோ அசையாது. அவர் கைவேலை அப்படி.

மேனேஜரம்மா ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். உள்ளே போவாள், திரும்பிக் கதவைப் பார்த்து நிற்பாள், இறங்கும்வரை எதிரே மட்டும் பார்ப்பாள். கூட ஏறிய கோழியின் முகத்தை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். லிஃப்ட்டில் போகிற மனிதர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது என்பது இன்றுவரை தெரியவில்லை. லிஃப்டுக்காரருக்கு அவள்மேல் தனிப் பிரியம் ஏற்பட்டது அதனால்தான். இத்தனை வருடத் தொழிலில், தன் லிஃப்ட்டில் ஏறி இறங்கிவிட்டு ஒரு குறையும் சொல்லாத ஆள் அவள் ஒருத்திதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மேனேஜரம்மாவின் கொண்டை ஒருநாள் வெளுத்தது. ரத்தச் சிவப்பாக இருந்தது பழைய சட்டை மாதிரி சாயம் போயிற்று. முட்டை நின்றது. காலைச் சுற்று பாதியிலேயே முடிந்தது. வேலி சாய்ந்திருந்தாலும் அவள் கண்டுகொள்ளவில்லை. லிஃப்டுக்காரர் அவளைத் தூக்கி இறகை விலக்கிப் பார்த்தார், ஒன்றும் கண்ணில் படவில்லை. மறுநாள் அவருடைய மனைவி கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"என்னங்க, இதப் பாருங்க. கழுத்துல, கையில, முதுகுல எனக்கே எட்டாத எடத்துல. உங்க கோழிப்பேனுக்கு மட்டும் எப்படி எட்டுதோ!"

"கொசுவா இருக்கும்."

"கொசுன்னா பாடிட்டு வரும். இது சத்தமே இல்லாம வந்து கடிச்சிட்டுப் போவுது. உங்க வீட்டு ஆளுங்க மாதிரி."

லிஃப்டுக்காரர் மேனேஜரம்மாவின் இறகை மறுபடி விலக்கிப் பார்த்தார். பதில் சொல்லியிருந்தால் பேச்சு கோழியை விட்டு வேறு திசைக்குப் போயிருக்கும்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும்தான். அதுக்குள்ள பேன் போகணும். இல்லன்னா கோழி போகணும். எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

அண்ணன் என்றதும் லிஃப்டுக்காரர் கூண்டுக் கதவைச் சாத்தித் தாழ்போட்டார். மச்சான் ஒரு பெரிய தொழிற்சாலைக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். நல்ல மனிதர். ஆனால் உயிருள்ள கோழியைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். வரும்போதெல்லாம் மேனேஜரம்மாவின் தொடையைப் பிடித்துக் கைகுலுக்குவது போலக் குலுக்குவார். "என்ன மாப்ள, மேனேஜரம்மா சௌக்கியமா? கொஞ்சம் எளைச்ச மாதிரி தெரியுதே. எளைக்க விடாதீங்க, எளைக்க விடாதீங்க" என்பார். அந்த அக்கறையை நினைத்தாலே லிஃப்டுக்காரருக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த நிலைமையில்தான் கொழுந்தியாள் வந்தாள். மனைவியின் தங்கை, வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். மசாஜ் நிலையம் ஒன்றில் வேலை. அவள் தெருமுனையில் திரும்பும்போதே அவள் வாசனை வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். கைப்பை நிறையப் பழுப்பு நிறச் சின்னச் சின்னப் புட்டிகள். லாவெண்டர், புதினா, யூகலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சைப்புல் என்று ஒவ்வொன்றும் ஒரு வாசனை எண்ணெய்.

"அத்தான், பேனு பூச்சியெல்லாம் இந்த வாசனைக்குக் கிட்ட வராதுன்னு சொல்றாங்க. போட்டுப் பாப்போமா?"

"யார் சொல்றாங்க?"

"மசாஜுக்கு வர்றவங்க சொல்றாங்க. படுத்திருக்கிறவங்க பொய் சொல்ல மாட்டாங்க அத்தான். அந்த அளவுக்குத் தெம்பு இருக்காது."

"கோழிக்கு ஒத்துக்குமா?"

"மனுஷனுக்கு என்ன ஆகும்னு தெரியும். கோழிக்கு என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. அதத்தான் பாத்துரலாம்கிறேன்."

லிஃப்டுக்காரர் புதினாப் புட்டியைத் திறந்து விரலில் ஒரு சொட்டு விட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். எந்த எண்ணெயையும் அவர் அப்படித்தான் விசாரிப்பார். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். கண்ணைத் திறந்து தேய்த்தார்.

"இது என்ன எண்ணெய்? வழுக்கவே மாட்டேங்குது!"

"வழுக்குறதுக்கு இல்ல அத்தான், மோந்து பாக்குறதுக்கு."

அவருக்கு மனம் ஆறவில்லை. செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து அதில் ஒரு சொட்டு விட்டார். மிஷின் எண்ணெய் என்றால் அந்தக் கறை அவர் பேரன் காலத்திலும் இருக்கும். இது வட்டமாகப் பரவியது, கண்ணாடி போல ஆனது. அவர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வட்டத்தைக் காணோம். காகிதம் புதிதாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"எண்ணெய் எங்க போச்சு?"

"மூக்குக்குள்ள போச்சு" என்றாள் சின்னவள்.

அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஜவுளிக்கடையில் லிஃப்ட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோதுகூட எடுத்து எடுத்து மோந்து பார்த்தார். எண்ணெய் என்று பெயர் வைத்துக்கொண்டு வழுக்காமலும் கறை வைக்காமலும் ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது, அது இத்தனை நாளாக மச்சினியின் கைப்பையில் இருந்திருக்கிறது. இந்த விஷயம் அவரை விடவே இல்லை.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார். சின்னவள் சொன்னது, "தண்ணியில கலந்து, கொஞ்சமா." எண்ணெயில் தண்ணீர் கலப்பது என்பது லிஃப்டுக்காரர்கள் காதால் கேட்கவும் கூசுகிற காரியம். எனவே அந்தப் பாதியை அவர் காதில் வாங்கவில்லை. புதினா எண்ணெயை அப்படியே குப்பியில் ஊற்றிக்கொண்டு, ஒரு லிஃப்ட்டுக்கு எங்கெங்கே விடுவாரோ அங்கெல்லாம் விட்டார். கதவுக் கீலுக்கு விட்டார், சக்கரத்தின் அச்சுக்கு விட்டார், பெட்டி வழுக்கி ஏறும் தண்டவாளத்துக்கு மேலிருந்து கீழ்வரை விட்டார். கூண்டின் கம்பு இணைகிற ஒவ்வொரு மூட்டுக்கும் விட்டார். கயிற்றை மட்டும் தொடவில்லை. பிறகு, வாசனை வீணாகிவிடக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்தினார்.

சற்று நேரத்தில் கூண்டுக்குள்ளிருந்து வந்த சத்தம் கோழிச் சத்தமாக இல்லை. கோழிகள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, கண்ணில் நீர் வழிய ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. துக்க வீட்டில்கூட அவ்வளவு ஒற்றுமையாக யாரும் அழுது பார்த்ததில்லை. மேனேஜரம்மா லிஃப்ட்டுக்குள் நின்று மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தாள், எந்த மாடியில் காற்று இருக்கிறது என்று தேடுகிறவள் போல.

"ஐயோ அத்தான்! தொறங்க, எல்லாத்தையும் தொறங்க!" சின்னவள் ஓடிவந்து கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து கோழிகளை வெளியே விரட்டினாள். "எங்க கடையில ஒரு தடிமாடு மாதிரி ஆளுக்கே நாலஞ்சு சொட்டுதான். அதையும் தேங்காயெண்ணெயில கலந்துதான் தொடுவோம். நீங்க புட்டியோட கவுத்திருக்கீங்க. கோழி மூச்சு என்ன, மனுஷன் மூச்சு மாதிரியா? மூடின கூண்டுல இத விட்டா அதுங்களுக்கு நெஞ்சு அடைச்சிரும். கோழி உடம்புல ஒரு சொட்டு படக்கூடாது, தீனியிலயும் படக்கூடாது. பேன் பகல்ல ஒளிஞ்சிருக்கிற கட்டைக்கு, இடுக்குக்கு, அதுவும் கோழி வெளிய இருக்கும்போது. புரியுதா?"

"கீல் சத்தம் நின்னுச்சா இல்லியா?" என்றார் லிஃப்டுக்காரர்.

"நிக்கல."

"அதான் சொன்னேன். இது எண்ணெயே இல்ல."

மறுநாளிலிருந்து ஒழுங்காகச் செய்தார்கள். தண்ணீரில் துளி சோப்பு, அதில் சில சொட்டு எண்ணெய், நன்றாகக் குலுக்கிக் கம்புகளின் இடுக்கில் தெளிப்பது, உலர்ந்த பிறகு கோழிகளை உள்ளே விடுவது. முதலில் லாவெண்டர். அன்று பேன்கள் கடித்தனவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கோழிகள் தூங்கின. பார்க்கப் போன லிஃப்டுக்காரர் கூண்டுக் கதவைப் பிடித்தபடி நின்றவாக்கில் தூங்கினார். அவரைத் தேடிப்போன மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கினார். கல்யாணமான புதிதில்கூட அப்படி நடந்ததில்லை என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். விடிந்து பார்த்தால் இருவருக்கும் கழுத்தெல்லாம் தடிப்பு. பேன்களும் தூங்கித்தான் இருக்கின்றன, ஆனால் முதலில் எழுந்துவிட்டன.

யூகலிப்டஸுக்கு வேறு பலன். காதைக் கம்போடு ஒட்டிவைத்துக் கேட்டால் காகிதத்தில் மணல் கொட்டுவது போல மெல்லிய சத்தம் கேட்டது.

"தும்முதுங்க" என்றார் லிஃப்டுக்காரர்.

"பேன் தும்முமா அத்தான்?"

"நீயே கேளு."

சின்னவள் காதை வைத்தாள். "ஆமா அத்தான்! பாவம், ஜலதோஷம் போல." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இப்பத் தும்மல. மூக்கு விட்டுருச்சு. இனிமே நல்லாக் கடிக்கும்." அவள் சொன்னது பலித்தது.

சனிக்கிழமை வந்துவிட்டது. மேனேஜரம்மாவின் கொண்டை சுண்ணாம்பு போல ஆகியிருந்தது. மனைவி சாமான் அறையிலிருந்து ஒரு சாக்கைத் தேடி எடுத்து உதறிக் கொடியில் காயப் போட்டார். அதைப் பார்க்காதது போல லிஃப்டுக்காரர் பார்த்தார்.

அன்று பொழுது சாயும் நேரம் பூதக்கண்ணாடியோடு கூண்டின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். எல்லா இடுக்கிலும் தெளித்தாயிற்று. எல்லா மூட்டையும் துடைத்தாயிற்று. பின்னே எங்கிருந்து வருகின்றன? அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அறிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போல இருந்தது. கோழிகள் மேலே போய்விட்டன. மேனேஜரம்மாவும் கதவைப் பார்த்து நின்றபடி ஏறி, மேலே இறங்கி, கம்பின் ஓரத்தில் சுருண்டுவிட்டாள். வழக்கம்போல லிஃப்ட்டைக் கீழே இறக்கி நிறுத்தினார்.

கிளிக் என்றது. மோட்டார் ஓடியது. காலிப் பெட்டி மேலே போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் பேய் என்று ஓடியிருப்பார்கள். லிஃப்டுக்காரர் ஓடவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் ஆளில்லாமல் மேலே போகிறது என்று நர்சுகள் எல்லாம் கூடி நின்று அலறியபோது, ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த பல்லியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே விட்டவர் அவர். ஆளில்லாத லிஃப்ட் என்று ஒன்று கிடையாது, பார்க்கத் தெரியாத ஆள்தான் உண்டு என்பார். லிஃப்ட்டை மறுபடி கீழே இறக்கினார். பலகையை எடுத்து ஸ்விட்ச்சை அழுத்திப் பார்த்தார், சரியாக இருந்தது. பலகையைப் போட்டார். காத்திருந்தார். பூதக்கண்ணாடியை நீட்டிக்கொண்டு முகத்தைப் பெட்டிக்குள் விட்டார்.

பலகை முழுக்கச் சாம்பல் கொட்டினாற்போல இருந்தது. சாம்பல் அசைந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பட்டினி கிடந்து வெளிறிப்போன கோழிப்பேன்கள். அத்தனையும் கதவைப் பார்த்து நின்றன. ஒன்றாவது பக்கத்தில் நிற்பதன் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளிக். மோட்டார் ஓடியது.

முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு கோழியின் எடை விழுந்தால்தான் அந்த ஸ்விட்ச் வேலை செய்யும், அது அவருடைய கைவேலை. அப்படியென்றால் ஏறியது ஒரு கோழி எடைக்குப் பேன். மேனேஜரம்மாவிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி, இன்னொரு மேனேஜரம்மாவையே சேர்த்து வைத்திருந்தன.

விடியற்காலையில் போய்ப் பார்த்தார். லிஃப்ட் இறங்கிவந்தது. சாம்பலாகப் போனவை குங்குமமாக வந்தன. பெட்டியின் கூரை வழியாக ஏறி, நேராகக் கயிற்றுக்குப் போயின. கம்பிக் கயிறு என்பது பல கம்பிப் புரிகளை முறுக்கிச் செய்தது, நடுவே நார் இருக்கும். புரிக்கும் புரிக்கும் இடையில் நுழைந்தன. சற்று நேரத்தில் கயிறு ஒன்றும் தெரியாதது போலத் தொங்கியது. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"கயித்துலதான் குடியிருக்குன்னா, கயிறு வழியாவே மேல நடந்து போகலாமே அத்தான்? எதுக்கு லிஃப்ட்?" என்றாள் சின்னவள். காலையிலேயே வந்திருந்தாள், அவளுக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

"லிஃப்ட் இருக்கிற வீட்டுல எவன் நடப்பான்?"

"அதுவும் சரிதான். அப்பக் கயித்துல எண்ணெய் விடுங்க. முடிஞ்சிது."

லிஃப்டுக்காரர் ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவர் போல ஒரு அடி பின்வாங்கினார். அவர் தொழிலில் கயிற்றுக்கு எண்ணெய் ஆகாது. சக்கரம் கயிற்றைப் பிடித்துக்கொள்வதே உராய்வினால்தான். எண்ணெய் பட்டால் பிடி விட்டுப்போகும். கயிற்றைத் தொட வேண்டிய நாளில் தலைக்கு எண்ணெய் தேய்ப்பதைக்கூட அவர் நிறுத்திவிடுவார். அவர் எண்ணெய் விடவே விடாத இடம் கயிறு ஒன்றுதான். பேன்கள் அதைத் தேடிப் பிடித்துக் குடியேறிவிட்டன. அவற்றுக்கும் தொழில் தெரிந்திருக்கிறது.

"வழுக்கும்டி. மேனேஜரம்மா தலைகுப்புற வந்து விழுவா."

"விழலைன்னா மட்டும்? சாக்கு காஞ்சிருச்சு, பாத்தீங்களா? அண்ணன் கெளம்பிட்டாராம்."

லிஃப்டுக்காரர் கொடியைப் பார்த்தார். சட்டைப்பையில் கையை விட்டார். செய்தித்தாள் துண்டு கையோடு வந்தது. பிரித்தார். சொட்டு விட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். காகிதம் காகிதமாக இருந்தது.

"வழுக்கல" என்றார் மெதுவாக. "சின்னவளே, இது எண்ணெயே இல்லன்னு நாந்தானே சொன்னேன்?"

"நூறு வாட்டி சொன்னீங்க."

"அப்பக் கயித்துல விடலாம். ஆனா அந்தத் தேங்காயெண்ணெய் சமாச்சாரம் வேண்டாம். சோப்பும் வேண்டாம். நிக்காம ஓடிப்போறதா எதுலயாவது கலந்து குடு."

அவள் ஸ்பிரிட்டில் கிராம்பு எண்ணெயைக் கலந்து கொடுத்தாள். கோழிகளை வெளியே விட்டு, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைக் கையால் மேலே ஏற்றி நிறுத்தினார்கள். லிஃப்டுக்காரர் துணியை நனைத்துக் கயிற்றைச் சுற்றிப் பிடித்தார். இருட்டறையில் பாம்பைப் பிடிக்கிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பு. கயிறு நனைந்தது, பளபளத்தது, கண்முன்னாலேயே காய்ந்தது. பிளக்கை மாட்டினார்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தார்.

"என்ன மாப்ள, கொல்லையெல்லாம் கிராம்பு மணக்குது! மசாலாவ நீங்களே ஆரம்பிச்சிட்டீங்களா? அந்தச் சிரமம் உங்களுக்கு எதுக்கு, நாந்தான் வந்துட்டேன்ல?" என்றபடி கொடியிலிருந்து சாக்கை எடுத்தார். லிஃப்ட் வந்து நிற்கும் இடத்தில், கதவுக்கு நேராகச் சாக்கின் வாயை விரித்து இரண்டு செங்கல்லால் அணைத்து வைத்தார். "இறங்குனா நேரா உள்ள. ஓடிப் பிடிக்கிற வயசா நமக்கு? டீ குடிச்சிட்டு வந்துடுறேன்."

அவர் உள்ளே போய்த் தங்கையிடம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கயிறு புகைந்தது. நெருப்பில்லாத சிவப்புப் புகை. புரிகளிலிருந்து பேன்கள் பிதுங்கி வந்தன, கிராம்பு நெடி தாங்காமல் பெட்டியின் கூரையில் விழுந்து, ஓரத்தில் இறங்கி, பலகையில் நிறைந்தன. நெருக்கியடித்துக்கொண்டிருந்தாலும் ஒழுங்கு குலையவில்லை. திரும்பிக் கதவைப் பார்த்து நின்றன.

கிளிக்.

லிஃப்ட் நிதானமாகக் கீழே வந்தது. கயிறு ஒரு நூல் அளவுகூட வழுக்கவில்லை. கதவு திறந்தது. எல்லாம் இறங்கின. எதிரே இருந்தது சாக்கு, உள்ளே போயின. கடைசிப் பேன் வாசலில் ஒரு கணம் நின்று, திரும்பி லிஃப்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனதை லிஃப்டுக்காரர் தம் கண்ணால் கண்டார்.

மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாக்கின் வாயைச் சேர்த்து முறுக்கித் தூக்கினார். முகம் மலர்ந்தது.

"அட, அதுவே வந்து ஏறிடுச்சா! ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. இவ்வளவு அடக்கமான கோழிய நான் பாத்ததே இல்ல மாப்ள." கையில் வைத்து இரண்டு முறை எடைபோட்டார். எடையில் அவர் கை தப்பாது. "மேனேஜரம்மாவேதான்!"

லிஃப்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சின்னவள் அவர் காலை மிதித்தாள். அவர் வாயை மூடினார். மச்சான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவோடு போய்விட்டார்.

சாயங்காலம் மனைவி கொல்லைப்புறத்துக்கு வந்தார். கையில் தீனிக் கிண்ணம், கண் சிவந்திருந்தது.

"நான் ஏதோ கோவத்துல சொன்னேன். சொன்னா அப்படியே குடுத்துடுறதா? எங்கண்ணன் தூக்கிட்டுப் போறத மரம் மாதிரி நின்னு பாத்துட்டு இருந்தீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே..."

கிளிக் என்றது. மோட்டார் ஓடியது. வேலியோரம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்திருந்த மேனேஜரம்மா, கதவைப் பார்த்து நின்றபடி, யாரையும் பார்க்காமல் மேலே போனாள்.

மனைவி லிஃப்ட்டைப் பார்த்தார். கணவனைப் பார்த்தார்.

"அப்ப எங்கண்ணன் எதத் தூக்கிட்டுப் போனாரு?"

"எடைய" என்றார் லிஃப்டுக்காரர்.

மேற்கொண்டு பேச்சு வளர்வதற்குள் போன் அடித்தது. மச்சான்தான். "மாப்ள, சூப்பு பிரமாதம். ஒரு கிராம்பு நான் போடல, ஆனா அப்படி ஒரு கிராம்பு மணம்! கேன்டீன்ல சட்டிய வழிச்சிட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. இறகும் இல்ல, எலும்பும் இல்ல. என்ன வளர்ப்பு மாப்ள இது?"

"எண்ணெய் வளர்ப்பு" என்று சொல்லி லிஃப்டுக்காரர் போனை வைத்தார்.

அடுத்த வாரம் யார் கழுத்திலும் தடிப்பு இல்லை. மேனேஜரம்மாவின் கொண்டைக்கு மெல்ல மெல்லச் சிவப்பு திரும்பியது. ஒருநாள் காலை லிஃப்ட்டுக்குள்ளேயே ஒரு முட்டை இருந்தது, லேசான கிராம்பு மணத்தோடு. மனைவி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதன்பின் சாக்கு கொடிக்கு வரவில்லை. கயிறு மட்டும் அவ்வப்போது கிராம்புத் துணியால் துடைக்கப்பட்டது, ஜன்னல் திறந்தபடி, கோழிகள் வெளியே இருக்கும்போது. சந்தேகம் உள்ளவர்கள் ஆஸ்பத்திரியில் போய் லிஃப்டுக்காரரையே கேட்டுக்கொள்ளலாம், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்.

இந்த ஊரில், ஆஸ்பத்திரி உட்பட, எந்தக் கட்டடத்துக்கும் இன்றுவரை மாடி கிடையாது.